ஓ, யூ, ஜி, எச்: ஒரே வால், ஒன்பது ஒலி – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாலை நேரத்தில் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள், நர்சிங் படிப்பவர்கள், போட்டித் தேர்வு எழுதுபவர்கள் என்று வருகிறவர்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். ஒரு சந்தேகம் மட்டும் மாறுவதே இல்லை. ஓ, யூ, ஜி, எச் என்ற நாலு எழுத்தும் வரிசையாக வருகிற சொற்களை எப்படி வாசிப்பது, ஏன் அப்படி வாசிப்பது? அவர்கள் கேட்டதைக் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

இந்த நாலெழுத்தையும் பக்கம் முழுக்க 'வால்' என்று சொல்கிறேன். வேண்டிய இடத்தில் வாலுக்கு முன்னும் பின்னும் வருகிற எழுத்தைச் சொல்லிவிடுவேன். பேனாவும் தாளும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எழுதிப் பார்த்தபடியே படியுங்கள்.

மிஸ், இந்த வாலுக்கு மொத்தம் எத்தனை உச்சரிப்புதான் இருக்கு?

நான் எண்ணியவரை ஒன்பது. ரஃப், டஃப், இனஃப் ஆகியவற்றில் 'அஃப்'. இருமலைக் குறிக்கும் காஃப், மாட்டுத் தொட்டியைக் குறிக்கும் ட்ராஃப் இரண்டிலும் 'ஆஃப்'. 'ஆனாலும்' என்ற பொருளில் வரும் தோ, பிசைந்த மாவான டோ இரண்டிலும் 'ஓ'. த்ரூ என்பதில் 'ஊ'. மரக்கிளையான பௌ, ஏரான ப்ளௌ இரண்டிலும் 'ஔ'. தாட், பாட், ப்ராட் என்று இறந்தகாலத்தில் வருபவற்றில் நீண்ட 'ஆ'. தரோ, பரோ போன்றவற்றில் மெலிந்த ஓர் ஒலி. இங்கிலாந்தில் தரா, பரா என்று 'அ'வில் முடிப்பார்கள், அமெரிக்காவில் 'ஓ'வில் முடிப்பார்கள். விக்கலைக் குறிக்கும் ஹிக்கப் என்பதில் 'அப்'. அயர்லாந்தில் ஏரிக்குச் சொல்லும் லாக் என்பதில் 'ஆக்'.

பயப்பட வேண்டாம். கடைசி இரண்டும் ஓரிரு சொல்லுக்காக மட்டும் வந்தவை. அன்றாடம் தேவைப்படுவது ஏழுதான். அந்த ஏழுக்கும் பெரும்பாலும் ஒரே வேர்க்கதை.

வாசிக்கவே போறதில்லைன்னா ஜி, எச் இரண்டையும் எதுக்கு எழுதணும்?

ஒரு காலத்தில் வாசித்தார்கள். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஆங்கிலத்தில் தொண்டையில் உரசி வருகிற ஒரு மூச்சொலி இருந்தது. 'அகம்', 'மகன்' என்று சொல்லும்போது நடுவில் வரும் 'க'வை நாம் அழுத்திச் சொல்வதில்லை, லேசாக உரச விடுகிறோம் அல்லவா? அதையே இன்னும் கரகரப்பாக, மூச்சைத் தள்ளிச் சொல்லிப் பாருங்கள். கிட்டத்தட்ட அதுதான். பழைய ஆங்கிலத்தில் அதைப் பெரும்பாலும் எச் என்ற ஒற்றை எழுத்தால் எழுதினார்கள். 1066-இல் நார்மானியர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, பிரெஞ்சு முறையில் பழகிய எழுத்தர்கள் நாளடைவில் அதற்கு ஜி, எச் என்று இரட்டை எழுத்து போட்டார்கள்.

அப்புறம் தென் இங்கிலாந்தில் அந்த ஒலி மெல்ல மறைந்தது. ஸ்காட்லாந்து நாட்டுப்புறப் பேச்சில் அது இன்னும் உண்டு; இரவை நைட் என்று சொல்லாமல் தொண்டையில் உரசி 'நிக்ட்' என்பார்கள். ஜெர்மனும் ஆங்கிலத்தின் உறவு மொழிதான். அங்கே தாட் என்பதன் இணைச்சொல் 'டாக்டெ', ப்ராட் என்பதன் இணை 'ப்ராக்டெ'. ஆங்கிலம் தொலைத்த ஒலி அவற்றின் நடுவில் அப்படியே இருக்கிறது.

தமிழில் நடக்காததா என்ன? 'காற்று' என்று எழுதுகிறோம், பேச்சில் 'காத்து'. 'ற்ற' என்ற எழுத்துக்குரிய பழைய ஒலி தமிழ்நாட்டுப் பேச்சில் பெரும்பாலும் போய்விட்டது. யாழ்ப்பாணத்தார் பேச்சில் இன்னும் கேட்கலாம். எழுத்து பழையதைப் பிடித்துக்கொண்டு நிற்கும், நாக்கு நகர்ந்துவிடும். வாலின் கதையும் இதேதான்.

சரி, ஒலி மறைஞ்சது புரியுது. ரஃப், டஃப்ல மட்டும் 'ஃப்' எங்கிருந்து வந்தது?

தொண்டையில் உரசிய ஒலி சில சொற்களில் உதட்டுக்கு இடம் மாறியது. இரண்டுமே மூச்சு உரசுகிற ஒலிகள். காதுக்குக் கிட்டத்தட்ட ஒன்றாகவே கேட்கும், அதனால் ஒரு தலைமுறை ஒன்றைச் சொல்ல அடுத்த தலைமுறை மற்றதாகக் கேட்டுப் பழகியிருக்கிறது.

எந்தச் சொல்லில் மாறியது, எதில் மறைந்தது என்பதற்கும் ஓரளவு காரணம் உண்டு. அந்த ஒலி சொல்லின் கடைசியில் நின்றால் 'ஃப்' ஆகும் வாய்ப்பு அதிகம். பின்னால் ஓர் உயிரெழுத்து விகுதி ஒட்டினால் அது 'வ்' போல இளகிக் கரைந்துவிடும். இனஃப் நல்ல சாட்சி. அதற்குப் பன்மையில் 'இனௌ' என்றொரு வடிவம் இருந்தது. வால் இல்லாமல் இ, என், ஓ, டபிள்யூ என்று எழுதுவார்கள், பழைய கவிதைகளில் பார்க்கலாம். ஒரே சொல் ஒரு வடிவத்தில் 'ஃப்' ஆகி, இன்னொரு வடிவத்தில் கரைந்தே போனது. எந்த வடிவம் நிலைத்தது என்பதுதான் சொல்லுக்குச் சொல் வேறுபட்டது. ஊருக்கு ஊர் வழக்கும் வேறு.

எனக்கு ரொம்பப் பிடித்த சாட்சிகள் இன்னும் இரண்டு. குள்ளனைக் குறிக்கும் 'ட்வார்ஃப்' என்ற சொல்லுக்கும் கடைசியில் முன்பு இந்தத் தொண்டை ஒலிதான். அதற்கு மட்டும் எழுத்தையும் மாற்றி எஃப் போட்டுவிட்டார்கள், அதனால் யாருக்கும் சந்தேகமே வருவதில்லை. அடுத்தது 'டஃப்' என்ற ஒரு வகைப் புட்டிங். டி, யூ, இரண்டு எஃப். உலர்திராட்சை போட்டுத் துணியில் கட்டி வேகவைப்பார்கள். அது வேறொன்றுமில்லை, பிசைந்த மாவான 'டோ'வை வட இங்கிலாந்துக்காரர்கள் சொன்ன விதம். அங்கே 'ஃப்' ஆனது, தெற்கே மறைந்தது. இரண்டும் தனித்தனிச் சொல்லாகவே அகராதியில் உட்கார்ந்துவிட்டன.

தோ, த்ரூ, தரோ மூணையும் எழுதும்போது குழம்புது. எப்படி நினைவு வச்சுக்கறது?

த்ரூவும் தரோவும் ஒரே சொல்லாகப் பிறந்தவை. 'வழியாக, ஊடாக' என்பதுதான் மூலப்பொருள். அழுத்திச் சொன்னபோது நடுவில் ஓர் உயிர் நுழைந்து இரண்டு அசையாக நீண்டது, அதுதான் தரோ. ஒரு விஷயத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஊடுருவிப் போவதால் 'முழுமையாக' என்ற பொருள் அதற்கு வந்தது. 'பாடத்தைத் தரோவா படிச்சிட்டேன்' என்று நாமே சொல்கிறோமே! பொதுவழிக்குத் 'தரோஃபேர்' என்று சொல்வதில் பழைய பொருள் இன்னும் இருக்கிறது.

ஆகவே, ஆர் இருந்தால் 'ஊடாக' என்ற குடும்பம். ஓர் அசை என்றால் த்ரூ. டி, எச்-க்குப் பிறகு இன்னொரு ஓ சேர்த்து இரண்டு அசையானால் தரோ. ஆர் இல்லாவிட்டால் தோ.

வாலுக்குப் பின்னால் டி வந்தால் எப்படி?

இங்கே நல்ல செய்தி உண்டு. வாலுடன் டி சேர்ந்தால் கிட்டத்தட்ட எப்போதும் 'ஆட்' தான். பை என்பதன் இறந்தகாலம் பாட், ப்ரிங் என்பதற்கு ப்ராட், திங்க்குக்குத் தாட், சீக்குக்குச் சாட், ஃபைட்டுக்கு ஃபாட். தொண்டை ஒலிக்கு அடுத்து டி நின்றதால் அது 'ஃப்' ஆக இடமில்லாமல் மறைந்தது.

வாங்கினேனா, கொண்டுவந்தேனா என்று பாட், ப்ராட் இரண்டையும் மாற்றி எழுதுபவர்கள் நிகழ்கால வடிவத்தைப் பாருங்கள். ப்ரிங்கில் ஆர் உண்டு, அதனால் ப்ராட்டிலும் உண்டு. 'டாட்' (கற்பித்தார்), 'காட்' (பிடித்தார்) இரண்டிலும் ஓ கிடையாது, அங்கே ஏ. இந்த ஓர் எழுத்தில்தான் தேர்வில் மதிப்பெண் போகிறது.

விதிவிலக்கு இரண்டு. வறட்சியைக் குறிக்கும் 'ட்ரௌட்'. 'ட்ரை' என்ற சொல்லின் உறவு அது. இன்னொன்று வீரம் மிகுந்த என்று பொருள்படும் 'டௌட்டி'. பழஞ்சொல், இப்போது யாரும் பேச்சில் சொல்வதில்லை.

எங்க வீட்டு கேட் 'ராட் அயர்ன்'. அது கம்பிங்கிற ராட்தானே?

இல்லை. கடைப் பலகைகளில் கம்பி என்ற பொருள்வரும்படி ஆர், ஓ, டி என்று எழுதிவைத்திருப்பதைப் பார்த்து நம் பிள்ளைகளும் அப்படியே எழுதுகிறார்கள். இது டபிள்யூ, ஆர்-க்குப் பிறகு வாலும் டி-யும் வருகிற சொல். 'வொர்க்' என்பதன் பழைய இறந்தகாலம். இன்று 'வொர்க்ட்' என்கிறோம், அன்று 'ராட்'. சுத்தியலால் அடித்து வேலை செய்த இரும்பு என்று பொருள். அச்சில் ஊற்றி எடுத்தால் அது வார்ப்பிரும்பு. இன்று கடையில் அந்தப் பெயரில் விற்பது பெரும்பாலும் மைல்ட் ஸ்டீல்தான், பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

வொர்க்கில் ஆர் பின்னால் இருக்கிறது, ராட்டில் முன்னால் தாவிவிட்டது. அதே வேரில் வந்ததுதான் வேலைக்காரரைக் குறிக்கும் 'ரைட்'. கப்பல் கட்டுபவர் ஷிப்ரைட், சக்கரம் செய்பவர் வீல்ரைட், நாடகம் செய்பவர் ப்ளேரைட். நாடகம் எழுதுவதால் வந்த ரைட் அல்ல அது, தச்சரைப் போல நாடகத்தைச் செய்பவர்.

முன்னால் எழுத்தே இல்லாமல் வருகிற 'ஆட்' என்ன சொல்?

'செய்ய வேண்டும்' என்று கடமையைச் சொல்லும் சொல். அது 'ஓ' என்று ஒலிக்கும் இன்னொரு வினையின் (ஓ, டபிள்யூ, இ) பழைய இறந்தகாலம். அந்த வினைக்குப் பொருள் கடன்பட்டிருத்தல். கடன்பட்டவன் கொடுத்தாக வேண்டும், அங்கிருந்து கடமை. இதைத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு விளக்கவே வேண்டியதில்லை: காலைக்கடன், பிதுர்க்கடன் என்று நாம் சொல்லும் கடனும் கடமைதானே.

டிக்ஷனரியைப் புரட்டினால் கேள்வியே படாத வால் சொற்கள் வருகின்றன. அவை என்ன?

பாதி சொற்கள் மலை, காற்று, பறவை, மாடு, குதிரை சம்பந்தப்பட்டவை. நாட்டுப்புறத்தில் தங்கிவிட்டதால் நகரத்து ஆங்கிலத்தில் கேட்பதில்லை.

'சஃப்' (சி, எச், வால்) காக்கை இனத்துப் பறவை. உடல் கறுப்பு, அலகும் காலும் சிவப்பு. அது கத்துவதை வைத்தே இந்தப் பெயர். இங்கிலாந்தின் தென்மேற்கு முனையான கார்ன்வாலின் சின்னமே இதுதான். ஆர்தர் மன்னர் இறந்து இந்தப் பறவையாக மாறினார் என்று அங்கே கதை உண்டு. 1973-இல் கார்ன்வாலின் கடைசிப் பறவை செத்துப்போனது. யாரும் கொண்டுவந்து விடாமல், 2001-இல் தாமாகவே சில பறவைகள் அங்கே வந்து சேர்ந்தன, மறு ஆண்டே கூடு கட்டிக் குஞ்சு பொரித்தன. பெயர் அகராதியில் காத்திருக்க, பறவை திரும்பி வந்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைகிறது. இமயமலைப் பக்கம் போனால் இந்தப் பறவையை நம் நாட்டிலேயே பார்க்கலாம்.

'சௌ' அல்லது 'சஃப்' (எஸ், வால்) என்பது மரங்களுக்கிடையே காற்று எழுப்பும் மெல்லிய இரைச்சல். கடற்கரையோரச் சவுக்குத் தோப்பில் சாயங்காலம் நின்றவர்களுக்கு இந்தச் சொல்லுக்கு அகராதி தேவையில்லை. எழுத்தில் இதேபோல் இருந்தாலும், டெர்பிஷைர் ஈயச் சுரங்கங்களில் தண்ணீரை வெளியேற்ற வெட்டிய வடிகால் சுரங்கத்தின் பெயரான 'சஃப்' வேறு சொல்.

'க்ளஃப்' (சி, எல், வால்) வட இங்கிலாந்தில் குன்றுகளுக்கிடையே இருக்கிற குறுகிய, செங்குத்தான பள்ளத்தாக்கு. குடும்பப் பெயராகவும் வரும். நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் அணியை 1979, 1980 இரு ஆண்டும் ஐரோப்பியக் கோப்பை வெல்லவைத்த பயிற்சியாளர் ப்ரையன் க்ளஃப் கால்பந்து பார்க்கும் பிள்ளைகளுக்குத் தெரிந்தவர்.

'ஹாக்' (எச், வால்) குதிரை, மாடு இவற்றின் பின்னங்கால் மூட்டு. வினையாக வந்தால் அந்த இடத்து நரம்பை வெட்டி முடமாக்குவது. 1611-இல் வெளிவந்த ஆங்கில வேதாகமத்தில் யோசுவா 11-ஆம் அதிகாரத்தில் குதிரைகளைப் பற்றி அப்படி வருகிறது. 'லாக்' முன்பே சொன்னதுதான். வட அயர்லாந்தின் லாக் நே ஏரியில் இந்தச் சொல்லைப் பார்க்கலாம். இது ஐரிஷ் சொல். அதன் தொண்டை ஒலியை ஆங்கிலேயர்கள் ஜி, எச் போட்டு எழுதினார்கள், ஆங்கிலம் பேசுபவர்கள் வாயில் 'க்' ஆகிவிட்டது.

நர்சிங் புத்தகத்தில் 'ஸ்லஃப்' என்று படித்தேன், அது ஓர் ஊர் பெயராமே?

எழுத்து ஒன்று, சொல் இரண்டு. புண்ணில் செத்துப்போன திசு படிந்து கழன்றுவருவது 'ஸ்லஃப்'. பாம்பு சட்டை உரிப்பதும் அதே சொல்தான். சேற்றுநிலத்தைக் குறிக்கும் சொல்லுக்கு இங்கிலாந்தில் 'ஸ்லௌ' என்று உச்சரிப்பு. லண்டனுக்கு மேற்கே, ஹீத்ரோ விமான நிலையத்துக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கும் ஊருக்கும் அப்படித்தான். அமெரிக்காவில் சதுப்புநிலத்தை, தேங்கிய கிளையாற்றை 'ஸ்லூ' என்பார்கள். வார்டில் நீங்கள் சொல்ல வேண்டியது 'ஸ்லஃப்'.

லேடி என்ற சொல்லிலும் இந்த வால் இருந்ததா? யாரோ சொன்னார்கள்.

வால் இல்லை, ஆனால் வாலுள்ள ஒரு சொல்லின் வேர் இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் லேடி என்பது ரொட்டியைக் குறிக்கும் 'ஹ்லாஃப்' என்ற சொல்லும், பிசைபவள் என்ற சொல்லும் சேர்ந்தது. அந்தப் 'பிசை' வேரிலிருந்துதான் மாவைக் குறிக்கும் டோவும் வந்தது. ரொட்டி பிசைபவள் லேடி, ரொட்டியைக் காப்பவன் லார்ட். வீட்டில் எல்லோருக்கும் சோறு போடுபவர்கள் யார் என்பதை வைத்து மரியாதைச் சொல் பிறந்திருக்கிறது.

விக்கலுக்கு வால் போட்டு எழுதலாமா?

இரண்டு விதமாகவும் எழுதுவார்கள், உச்சரிப்பு ஒன்றே: ஹிக்கப். முதலில் இருந்தது வால் இல்லாத வடிவம்தான். நம் 'விக்கல்' போலவே அதுவும் சத்தத்தைப் பார்த்துச் செய்த சொல். பிற்பாடு யாரோ இதுவும் இருமல் மாதிரி ஒன்றுதானே என்று நினைத்துக் காஃப் என்பதன் எழுத்தை ஒட்டிவிட்டார்கள். இங்கே வாலுக்கு வரலாறே கிடையாது. எழுதும்போது வால் இல்லாததையே எழுதுங்கள், அதுதான் மூத்தது.

இப்படி ஒட்டவைத்த வால் இன்னொன்று 'ஃபர்லோ'. டச்சு மொழியில் விடுப்பைக் குறிக்கும் 'ஃபெர்லோஃப்' என்பதிலிருந்து வந்தது. மூலத்தில் கடைசியில் நிஜமான 'ஃப்' இருந்தது, ஆங்கிலத்தில் வாலைப் போட்டு எழுதி அந்த 'ஃப்'பையும் விட்டுவிட்டார்கள். நம் நாட்டுச் சிறைச் செய்திகளில் பரோலோடு சேர்ந்து வருகிற ஃபர்லோ இதுதான். 2020-இல் கொரோனா முடக்கத்தின்போது வேலைக்குப் போக முடியாதவர்களுக்கு பிரிட்டிஷ் அரசு சம்பளத்தில் ஒரு பங்கு கொடுத்த திட்டத்தையும் அங்கே எல்லோரும் இந்தப் பெயரில்தான் சொன்னார்கள்.

அமெரிக்காக்காரன் ஏரை வால் இல்லாமல் எழுதுகிறான். நாமும் எழுதலாமா?

அமெரிக்க ஆங்கிலத்தில் பி, எல், ஓ, டபிள்யூ சரியானதே. நம் பாடப்புத்தகங்களும் தேர்வுகளும் பெரும்பாலும் பிரிட்டிஷ் முறை, அதனால் இங்கே வாலோடு எழுதுங்கள். எதை எடுத்தாலும் ஒரு கட்டுரைக்குள் ஒரே முறை.

வாலை முழுக்க வெட்டவும் பார்த்தார்கள். 1906-இல் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட், 300 சொற்களுக்கு எளிய எழுத்துமுறையை அரசு அச்சகம் பயன்படுத்த வேண்டும் என்று உத்தரவிட்டார். தோ, த்ரூ இரண்டும் அந்தப் பட்டியலில் உண்டு. நாடாளுமன்றக் கீழவை எதிர்த்தது, அதே ஆண்டு திட்டம் கைவிடப்பட்டது. சிகாகோ ட்ரிப்யூன் நாளிதழ் 1934-இல் தானாக இறங்கியது, 1975-இல் அதுவும் பழைய முறைக்கே திரும்பியது. உண்மையில் காலம் கடந்துவிட்டது. 1476-இல் வில்லியம் காக்ஸ்டன் இங்கிலாந்தின் முதல் அச்சகத்தை நிறுவினார். அச்சு எழுத்துமுறையை உறையவைத்துக்கொண்டிருந்த அதே காலத்தில்தான் ஆங்கில உயிரொலிகள் எல்லாம் நகர்ந்துகொண்டிருந்தன.

ஜி, எச்-க்கு 'ஃப்' உண்டு என்றால், 'ஃபிஷ்' என்பதை ஜி, எச் போட்டு ஆரம்பிக்கலாமே?

இது பழைய விடுகதை. 1855-ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்றிலேயே இருக்கிறது. ஆனால் நடக்காது. 'ஃப்' ஏன் வந்தது என்று மேலே சொன்னதைப் பாருங்கள்: சொல்லின் கடைசியில் நின்ற தொண்டை ஒலி மாறியதால் வந்தது. சொல்லின் முதலில் வரும் ஜி, எச் வேறு வழியில் வந்தது. பேய்க்கு எழுதும் 'கோஸ்ட்'டில் எச் சேர்ந்தது ஃப்ளெமிஷ் (பெல்ஜியப் பக்கத்து டச்சு வழக்கு) எழுத்துமுறையின் தாக்கம், காக்ஸ்டன் அச்சகத்திலிருந்து. அங்கே எப்போதும் 'க' ஒலிதான்.

ஊர்ப் பெயர், ஆள் பெயரில் வால் வந்தால் எதைப் பின்பற்றுவது?

அந்த ஊர்க்காரர் சொல்வதை. பெயர்களுக்கு விதி பார்க்க முடியாது. இயற்கைப் படங்களுக்குக் குரல் கொடுக்கும் டேவிட் அட்டன்பரோவின் பெயரை அங்கே அட்டன்பரா என்பார்கள். ப்ரூம் பிரபுவின் பெயரில் வந்த குதிரை வண்டியை பி, ஆர், வால், ஏ, எம் என்று எழுதி 'ப்ரூம்' என்று வாசிப்பார்கள். நியூயார்க் மாநிலத்தில் பி-யில் தொடங்கும் 'பகிப்ஸி' என்ற ஊரில் வால் வெறும் 'அ'. அது செவ்விந்தியர் மொழியிலிருந்து வந்த பெயர்.

ஒரே சொல்லில் வால் இரண்டு தடவை வருமா?

வரும். இங்கிலாந்தில் லெஸ்டர்ஷைரில் ஓர் ஊர்: எல், வால், பி, ஓ, ஆர், வால் என்று எழுதிப் பாருங்கள், முதல் வாலுக்கும் பி-க்கும் நடுவில் எதுவும் கிடையாது. வாசிப்பது 'லஃப்பரா'. லண்டன் புனித பால் பேராலயத்தின் பெரிய மணியை 1881-இல் வார்த்தது இந்த ஊர்ப் பட்டறையில்தான். முதல் முறையாகப் பெயரைப் பார்க்கிறவர்கள் 'லூகபரூகா' என்றெல்லாம் படித்துவிடுவார்கள், அவர்கள்மேல் தப்பில்லை.

பெயரின் முன்பாதி 'லுஹெடெ' என்ற ஓர் ஆளின் பெயர், பின்பாதி கோட்டையைக் குறிக்கும் 'புர்ஹ்'. ஆளின் பெயரிலும் கோட்டையின் பெயரிலும் அன்று இருந்தது அதே தொண்டை ஒலிதான், இரண்டும் ஒரே எச். முன்னால் இருந்தது 'ஃப்' ஆனது, பின்னால் இருந்தது மறைந்துபோனது.